ரெம்பாவ் முதல் கென்ட் ரிட்ஜ் வரை: ஒற்றை அணுவும் இரண்டு ஆடிகளும்

ஓர் அணு எவ்வளவு விரைவாக ஒளி உமிழும், எந்தத் திசையில் உமிழும் என்பதை அந்த அணு தனியாக முடிவு செய்வதில்லை. அது இருக்கும் இடமும் சேர்ந்தே முடிவு செய்கிறது. திறந்த வெளியில் ஒரு விதமாகவும், உலோகத் தகட்டின் அருகே வேறு விதமாகவும், எதிரெதிரே நிற்கும் இரண்டு ஆடிகளுக்கு நடுவில் முற்றிலும் புதிய விதமாகவும் அது நடந்துகொள்கிறது. ஒளியைச் சிறிது நேரம் அடைத்து வைக்கும் அந்த ஆடி இடைவெளிக்கு ஒளிக்குழி என்று பெயர். ஒற்றை அணு, ஒற்றை மூலக்கூறு, குறைகடத்தியில் வளர்ந்த ஒரு குவாண்டம் புள்ளி என, ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஃபோட்டானைத் தரக்கூடியது ஒற்றைக் குவாண்டம் உமிழி. இவை இரண்டும் சேருமிடத்தில் நடப்பதை ஆராயும் துறையின் பெயர்பெற்ற ஆய்வுக்கூடங்களில் ஒன்று, சிங்கப்பூரின் கென்ட் ரிட்ஜ் குன்றில் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்து ரெம்பாவ் தோட்டங்களிலிருந்து தெற்கே ஒரு பகல் பயணத்தில் அங்கே போய்ச் சேரலாம்.

ரெம்பாவ், சிரம்பானுக்கும் தம்பினுக்கும் நடுவில் உள்ள மாவட்டம். பெண்வழிச் சொத்துரிமை கொண்ட மினாங்கபாவ் வழக்கம் இன்றும் உயிரோடு இருக்கும் மண். பெடாஸ், செம்போங், லிங்கி என்று பெயர்கள் தொடரும் இந்தச் சுற்றுவட்டாரத்துக்குத் தமிழர்கள் பால்மரத்துக்காக வந்தார்கள். லயத்து வீடுகளிலிருந்து விடியலுக்கு முன்பே, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, உளியும் வாளியுமாக மரம் சீவப் போனார்கள். குளிர்ந்த நேரத்தில்தான் மரத்தில் பால் நெடுநேரம் வடியும். வெயில் ஏறினால் வெட்டுக்காயம் விரைவில் உறைந்துவிடும். இன்று பெரும்பாலான இடங்களில் பால்மரம் போய்ச் செம்பனை நிற்கிறது. லயங்களும் குறைந்துவிட்டன.

இந்த மாவட்டத்தின் தென்மேற்கில் லிங்கி ஆறு கடலை நோக்கிப் போகிறது. கரையில் உள்ள சுங்கை திமுன் கிராமத்தில் இரவுப் படகில் மின்மினி பார்க்கப் பயணிகள் போகிறார்கள். ஒளி உமிழ்தல் என்றால் என்ன என்று விளக்க இதைவிட நல்ல இடம் இந்த வட்டாரத்தில் இல்லை. மின்மினியின் வயிற்றில் லூசிஃபெரின் என்ற மூலக்கூறு, ஒரு நொதியின் உதவியோடு ஆக்சிஜனுடன் சேர்கிறது. அந்த வினையில் பிறக்கும் மூலக்கூறு ஆற்றல் மிகுந்த கிளர்ந்த நிலையில் இருக்கும். அது தன் அடிநிலைக்கு இறங்கும்போது ஒரு ஃபோட்டானை விடுகிறது. மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு மினுக்கலும், எண்ண முடியாத அளவு மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக விட்ட ஃபோட்டான்களின் தொகை. மலாயாவின் அலையாத்திக் கரைகளில் ஆண் மின்மினிகள் ஒரே தாளத்தில் மினுக்குவது பூச்சியின் நரம்பு மண்டலம் செய்யும் வேலை. மூலக்கூறுகளுக்குள் அப்படி எந்த ஒப்பந்தமும் இல்லை. மிக நெருக்கமாக இருக்கும் அணுக்கள் ஒரே அலையைப் பகிர்ந்துகொண்டு உண்மையிலேயே ஒன்றாக உமிழ முடியும் என்று ராபர்ட் டிக்கே 1954இல் காட்டினார். அது கூட்டத்தின் கதை. இங்கே பேச வேண்டியது ஒற்றை அணுவின் கதை.

ஒற்றை அணுவுக்கு ரூபிடியத்தை எடுத்துக்கொள்ளலாம். கென்ட் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் பயன்படுவதும் அதுவே. தகுந்த லேசர் ஒளி பட்டதும் அதன் வெளிக்கூட்டு எலெக்ட்ரான் மேல்நிலைக்கு ஏறுகிறது. சராசரியாக 26 நானோநொடி அங்கே தங்கிவிட்டு, 780 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒரு ஃபோட்டானை விட்டுக் கீழே இறங்குகிறது. கண்ணால் பார்க்க முடிகிற சிவப்பின் கடைசி ஓரத்தில் இருக்கும் ஒளி அது. யாரும் தூண்டாமல் அது ஏன் இறங்க வேண்டும்? 1916இல் ஐன்ஸ்டீன் இந்தத் தன்னியல்பு உமிழ்வுக்கு ஓர் எண் கொடுத்தார், காரணம் கொடுக்கவில்லை. காரணம் 1927இல் டிராக்கிடமிருந்து வந்தது. ஒளியே இல்லாத வெற்றிடத்திலும் மின்காந்தப் புலம் முழுமையாக ஓய்ந்திருப்பதில்லை. எல்லாத் திசையிலும் எல்லா அதிர்வெண்ணிலும் ஒளி பாய்வதற்கான வழிகள் திறந்தே இருக்கின்றன. கிளர்ந்த அணு அந்த எண்ணற்ற வழிகளோடு இணைந்திருப்பதால்தான் இறங்குகிறது. 1930இல் வைஸ்கோப்பும் விக்னரும் அந்த இறக்கம் காலத்தோடு எப்படித் தேய்கிறது என்று கணக்கிட்டுக் காட்டினார்கள்.

இதிலிருந்து உடனே ஒரு விளைவு பிறக்கிறது. ஒரு ஃபோட்டானை விட்ட அணு, மறுபடி மேலே ஏற்றப்பட்டால்தான் அடுத்ததை விட முடியும். ஆகவே ஒற்றை அணுவிடமிருந்து இரண்டு ஃபோட்டான்கள் ஒரே நேரத்தில் வரவே வராது. 1977இல் கிம்பிள், டாகெனைஸ், மாண்டெல் மூவரும் சோடியம் அணுக்களில் இதை அளந்தார்கள். விளக்கு, சூரியன், லேசர் எதுவும் இப்படி இடைவெளி விட்டு ஃபோட்டான் தருவதில்லை. ஓர் உமிழி உண்மையிலேயே ஒற்றைதானா என்று பார்க்க இன்றும் உலகெங்கும் இந்தச் சோதனையைத்தான் செய்கிறார்கள்.

ரெம்பாவ் நிலையத்தில் கொமுட்டர் வண்டி நின்று, தெற்கே புலாவ் செபாங் தம்பின் வரை போகிறது. சிரம்பானிலிருந்து கிம்மாஸ் வரையிலான மின்சார இரட்டைப் பாதை 2013இல் முடிந்தது. தண்டவாளத்தின் இருபுறமும் செம்பனை, இடையிடையே கம்பத்து வீடுகள், எப்போதாவது பால்மரம். தம்பினைத் தாண்டினால் மலாக்கா எல்லை. 1896இல் டான் சாய் யான் மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தை நட்டது அந்த மாநிலத்தின் புக்கிட் லிந்தாங்கில்தான். ரெம்பாவிலிருந்து கென்ட் ரிட்ஜ் வரையிலான வழி முழுவதையும் ஒளி ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு நொடியில் கடந்துவிடும். இந்தக் கணக்கு பின்னால் உதவும்.

இடம் உமிழ்வை மாற்றும் என்பதை முதலில் சொன்னவர் எட்வர்ட் பர்செல். 1946இல் அவர் வெளியிட்டது ஒரு சின்னக் குறிப்பு மட்டுமே. ரேடியோ அதிர்வெண்ணில் ஓர் அணுக்கரு தன்னியல்பாக உமிழ 5×10²¹ நொடிகள் ஆகும். அது பிரபஞ்சத்தின் வயதைப்போல் பத்தாயிரம் மடங்குக்கும் மேல். ஆனால் அதே அணுக்கருவை ஒத்ததிரும் சுற்றோடு இணைத்தால், மிகச் சிறிய உலோகத் துகள்களைக் கலந்தால், காலம் சில நிமிடங்களுக்கு இறங்கிவிடும் என்று அவர் காட்டினார். ஒளி பாயும் வழிகளை ஒரே அதிர்வெண்ணில் குவித்துவிட்டால் அணு அந்த வழியில் வேகமாக இறங்குகிறது. எத்தனை மடங்கு வேகம் என்பது இரண்டைப் பொறுத்தது: குழி ஒளியை எவ்வளவு நேரம் பிடித்து வைக்கிறது, எவ்வளவு சிறிய இடத்தில் பிடித்து வைக்கிறது. நீண்ட நேரமும் சிறிய கன அளவும் சேர்ந்தால் மடங்கு உயரும். இன்றைய ஒளிக்குழி ஆய்வு அனைத்தும் இந்த இரண்டு அளவுகளை இழுத்துப் பிடிக்கும் போராட்டம் என்றே சொல்லலாம்.

பர்செலின் கணக்கு ஆய்வுக்கூடத்தில் உறுதியாவதற்குப் பல ஆண்டுகள் ஆயின. 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் டிரெக்ஸ்ஹாகே, யூரோப்பியம் அயனிகளை ஓர் ஆடியிலிருந்து நானோமீட்டர் கணக்கில் தள்ளித் தள்ளி வைத்து, அவற்றின் ஒளிர்வுக் காலம் தூரத்துக்கேற்ப ஏறி இறங்குவதைக் கண்டார். 1983இல் பாரிசில் செர்ஜ் அரோஷின் குழு, குழிக்குள் சோடியம் அணுக்களின் உமிழ்வு விரைவடைவதைப் பார்த்தது. எதிர்த் திசையில் இன்னும் வியப்பான முடிவு 1985இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலிருந்து வந்தது. ஹியூலெட், ஹில்ஃபர், கிளெப்னர் மூவரும் மிக உயர்ந்த நிலைக்கு ஏற்றிய சீசியம் அணுக்களை இரண்டு உலோகத் தகடுகளுக்கு இடையே செலுத்தினார்கள். அணு விட வேண்டிய அலையின் நீளம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். தகடுகளின் இடைவெளி அதில் பாதிக்கும் குறைவாக இருந்தபோது அந்த அலைக்கு அங்கே இடமே இல்லை. அணுவின் ஆயுள் 20 மடங்குக்கும் மேல் நீண்டது. அணுவைத் தொடவில்லை, வெற்றிடத்தின் வடிவத்தை மட்டுமே மாற்றினார்கள். இத்துறையின் மிக அழகான முடிவு எது என்று கேட்டால் பலரும் இதைத்தான் சொல்வார்கள்.

கிம்மாஸ், மேற்குக் கரைப் பாதையும் கிழக்குக் கரைப் பாதையும் பிரியும் சந்திப்பு. குழிக்குள் இருக்கும் அணுவின் நடத்தையும் இங்கே இரண்டாகப் பிரிகிறது. முதல் பாதையில் உமிழ்வு வேகமாகிறது அல்லது மெதுவாகிறது, அவ்வளவுதான். ஃபோட்டான் போனால் போனது. இரண்டாம் பாதையில் அது திரும்பி வருகிறது.

எந்தப் பாதை என்பதை மூன்று வேகங்கள் முடிவு செய்கின்றன. அணுவும் குழியும் ஒன்றுக்கொன்று ஆற்றலைக் கைமாற்றும் வேகம் முதலாவது. இதைப் பிணைப்பு வலிமை என்பார்கள். ஆடிகள் வழியாக ஒளி கசிந்து வெளியேறும் வேகம் இரண்டாவது. அணு குழியை விட்டுப் பக்கவாட்டில் ஒளியை இழக்கும் வேகம் மூன்றாவது. முதலாவது மற்ற இரண்டையும் வென்றால் அது வலுப்பிணைப்பு. அப்போது அணு விட்ட ஃபோட்டான் ஆடிகளுக்கு இடையே தங்கி, அணுவால் மறுபடி உறிஞ்சப்பட்டு, மறுபடி விடப்படுகிறது. ஒரே கிளையில் கட்டிய இரண்டு ஊஞ்சல்களில் ஒன்றை ஆட்டிவிட்டால், சிறிது நேரத்தில் அது ஓய்ந்து மற்றது ஆடும், பிறகு ஆட்டம் முதலாவதற்குத் திரும்பும். அணுவும் குழியும் ஒரு குவாண்டம் ஆற்றலை இப்படித்தான் மாற்றி மாற்றி வைத்துக்கொள்கின்றன. 1963இல் ஜேன்ஸ், கம்மிங்ஸ் இருவரும் எழுதிய சமன்பாடு இதை முழுமையாக விவரிக்கிறது. ஓர் அணு, ஓர் ஒளிவகை, இழப்பு எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்ட அந்த எளிய மாதிரிதான் இன்றும் இத்துறையின் அகரம்.

அந்த மாதிரியிலிருந்து கையில் பிடித்து அளக்கக்கூடிய ஓர் அடையாளம் கிடைக்கிறது. வெற்றுக் குழி ஒரே அதிர்வெண்ணில் ஒளியை உள்ளே விடும். அதற்குள் ஓர் அணு வலுவாகப் பிணைந்துவிட்டால் அந்த ஒற்றைச் சிகரம் இரண்டாகப் பிளக்கும். ஒன்று சற்றுக் கீழே, ஒன்று சற்று மேலே. இந்த வெற்றிட ராபி பிளவை நிறமாலையில் பார்க்க முடியும் என்று 1984இல் எழுதியவர்களில் முக்கியமானவர் கிரீஷ் அகர்வால். அப்போது அவர் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் இருந்தார். இத்துறையின் அடிப்படைக் கணிப்புகளில் ஒன்று இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து போனது என்பதைத் தமிழ் மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது. கண்ணுறும் ஒளி எல்லைக்கு அருகில் இந்தப் பிளவை 1992இல் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் தாம்சன், ரெம்பே, கிம்பிள் மூவரும் கண்டார்கள். அப்போது அணுக்கள் கற்றையாகக் குழியைக் கடந்து போய்க்கொண்டிருந்தன. ஒரே அணுவைக் குழிக்குள் நிறுத்தி வைத்து, அந்த ஓர் அணுவின் பிளவை அதே கழகம் 2004இல் பதிவு செய்தது.

அந்த 2004 குழியின் அளவுகளைப் பார்த்தால் வலுப்பிணைப்பின் விலை புரியும். ஆடிகளின் இடைவெளி 42 மைக்ரோமீட்டர், ஒரு தலைமுடியின் தடிமனை விடவும் குறைவு. ஆடிகளின் மெருகு எவ்வளவு உயர்ந்ததென்றால், ஒளி வெளியேறுவதற்கு முன் சுமார் 70,000 தடவை போய் வரும்; முடியளவு இடைவெளிக்குள் ஏறக்குறைய 6 மீட்டர் நடை. ஒவ்வொரு மோதலிலும் பத்து லட்சத்தில் ஏழெட்டுப் பங்குக்கு மேல் ஒளி இழக்கக் கூடாது. இப்படிப்பட்ட ஆடியைச் செய்யத் தெரிந்தவர்கள் உலகில் மிகச் சிலரே. ஓர் ஆண்டு கழித்து, 2005இல், அந்தக் கழகமே இன்னொன்றையும் காட்டியது: குழிக்குள் முதல் ஃபோட்டான் நுழைந்துவிட்டால் இரண்டாவது நுழைய முடியாது. முதல் படிக்கும் இரண்டாம் படிக்கும் இடையிலான உயரம் ஒன்றாக இல்லாததால், முதல் ஃபோட்டானுக்குப் பொருந்திய அதிர்வெண் இரண்டாவதற்குப் பொருந்தாது. ஓர் அணு, ஒளியை ஒவ்வொன்றாக வரிசையில் நிற்க வைக்கிறது.

கால அளவில் இவர்களை விஞ்சியவர் அரோஷ். நுண்ணலைகளுக்கான அவருடைய குழியில், மிகக் குளிர்ந்த நயோபியம் பூசிய ஆடிகள் 2.7 செ.மீ. இடைவெளியில் நின்றன. ஒரு ஃபோட்டான் அங்கே சராசரியாக 130 மில்லிநொடி வாழ்ந்தது. அந்த நேரத்தில் அது கடக்கும் தூரம் சுமார் 40,000 கி.மீ., பூமியை ஒருமுறை சுற்றி வரும் அளவு. ரெம்பாவ் சிங்கப்பூர் வழிக்கணக்கில் சொன்னால் நூற்றுக்கும் மேற்பட்ட பயணங்கள். அத்தனை நேரம் இருப்பதால் அந்த ஃபோட்டானை அழிக்காமலே அணுக்களை அனுப்பி எண்ணிப் பார்க்க முடிந்தது. அதற்காக 2012இல் டேவிட் வைன்லேண்டோடு அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

கிம்மாஸுக்குத் தெற்கே சிகாமட், குளுவாங். ஜொகூரின் செம்பனைக் காடு முடிவே இல்லாமல் வருகிறது. இந்த நீண்ட வழியில் உமிழிகளின் இன்னொரு குடும்பத்தைப் பற்றிச் சொல்லிவிடலாம். 1970களிலிருந்து தோட்டங்களை விட்டு வெளியேறிய தமிழ்ப் பிள்ளைகள் பலர் மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். சிரம்பானை ஒட்டிய செனவாங்கிலும் அப்படிப்பட்ட ஆலைகள் எழுந்தன. குறைகடத்தித் தொழில் அவர்களுக்குப் புதிதல்ல. முகத்தை அடையாளம் காணும் கைப்பேசிகளில் இருக்கும் மிகச் சிறிய லேசர், 1977இல் ஜப்பானின் கெனிச்சி இகா எண்ணிப் பார்த்த வகையைச் சேர்ந்தது. மெல்லிய குறைகடத்தி அடுக்குகளை மாற்றி மாற்றி வளர்த்துச் செய்த இரண்டு ஆடிகள், நடுவில் ஒளி உமிழும் படலம். அந்தப் படலத்துக்குப் பதிலாக ஒரே ஒரு குவாண்டம் புள்ளி இருக்குமாறு அமைத்து, முழுவதையும் ஒரு மைக்ரோமீட்டர் அளவுத் தூணாகச் செதுக்கினால் ஒற்றை உமிழிக்கான குழி தயார். 1998இல் ஜெரார் குழு இத்தகைய தூண்களில் உமிழ்வு ஐந்து மடங்கு விரைவதைக் கண்டது. 2004இல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் தூண் குழியிலும், அமெரிக்காவில் துளைகள் இட்ட ஒளிப்படிகத்திலும் ஒற்றைக் குவாண்டம் புள்ளியின் வலுப்பிணைப்பு கிட்டியது. அதே ஆண்டில் யேல் பல்கலைக்கழகம் மீக்கடத்திச் சுற்று ஒன்றையே செயற்கை அணுவாக்கி நுண்ணலையோடு பிணைத்தது. இன்றைய குவாண்டம் கணினிகள் பலவற்றின் வம்சம் அங்கே தொடங்குகிறது.

திண்மப் பொருளில் இருக்கும் உமிழிக்கு ஒரு பெரிய வசதி உண்டு: அது ஓடிப்போகாது. ஒரு பெரிய குறையும் உண்டு: இரண்டு குவாண்டம் புள்ளிகள் ஒருபோதும் அச்சாக ஒன்றாக இருப்பதில்லை. வைரத்தில் சிலிக்கன் அணு அமர்ந்த குறைபாடுகள் இந்தக் குறையை ஓரளவு தீர்க்கின்றன. ரூபிடியமோ உலகில் எங்கே எடுத்தாலும் ஒரே ரூபிடியம். ஆனால் அதைப் பிடித்து நிறுத்துவதுதான் பாடு.

ஜொகூர் பாருவில் தண்டவாளம் நீரிணையை அடைகிறது. ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளமுள்ள கடற்பாலம் 1924இல் முறையாகத் திறக்கப்பட்டது. முன்பெல்லாம் வண்டி அதன் மேல் ஏறி, தீவின் நடுவே ஓடி, தஞ்சோங் பகார் நிலையம் வரை போகும். 2011 ஜூன் 30 இரவோடு அந்த ஓட்டம் நின்றது. இப்போது உட்லண்ட்ஸோடு சரி. அங்கிருந்து மாறி, பேருந்திலும் பெருவிரைவு ரயிலிலும் கென்ட் ரிட்ஜ் போக வேண்டும். பழைய பாதை நடைவழியாகி, பல்கலைக்கழகப் பக்கமாகவே போகிறது.

அந்த வளாகத்தில் உள்ள குவாண்டம் தொழில்நுட்ப மையம் 2007இன் இறுதியில் தொடங்கியது. பிணைந்த ஃபோட்டான்களைக் கொண்டு மறைசெய்தி அனுப்பும் முறையை 1991இல் வகுத்த ஆர்தர் எக்கர்ட் அதன் முதல் இயக்குநர். கிறிஸ்டியன் குர்ட்சீஃபர் தலைமையிலான சோதனைக் குழு அங்கே எழுப்பிய கேள்வி துணிச்சலானது: ஓர் அணுவோடு ஒளியை வலுவாகப் பேச வைக்கக் குழி அவசியம்தானா?

அணு ஒளியை விடும்போது ஒரு குறிப்பிட்ட வடிவ அலையாக விடுகிறது. அதே வடிவத்தில் உள்நோக்கிக் குவியும் அலையை அனுப்பினால், ஓர் அணுவே அந்த ஒளி முழுவதையும் தடுத்துவிட முடியும் என்கிறது கோட்பாடு. அணுவின் உடல் அளவு இதில் கணக்கில்லை. தனக்குரிய அதிர்வெண்ணில் அதன் நிழல் அலைநீளத்தின் அளவுக்கு விரிகிறது. 2008இல் அந்தக் குழு ஒற்றை ரூபிடிய அணுவை ஒளி இடுக்கியில் பிடித்து நிறுத்தி, அதன் மேல் லென்ஸ் வழியாக லேசரைக் கூர்மையாகக் குவித்தது. ஓர் அணு, வந்த ஒளியில் சுமார் 10 விழுக்காட்டைத் தடுத்தது. குழியே இல்லாமல் கிடைத்த எண் அது. ஒற்றை அணு ஒளிக்கற்றையின் கட்டத்தை ஏறக்குறைய ஒரு பாகை திருப்புவதையும் 2009இல் அளந்தார்கள்.

அடுத்த அடி, குவிப்பையும் குழியையும் சேர்ப்பது. வழக்கமான குழிகளில் ஆடிகளை நெருக்கமாக வைத்துத்தான் ஒளியின் கன அளவைச் சுருக்குவார்கள். குர்ட்சீஃபர் குழு எதிர்வழியை எடுத்தது. இரண்டு கோள ஆடிகளை 11 மில்லிமீட்டர் தள்ளி வைத்தது. இரண்டின் வளைவு மையமும் நடுவில் ஒரே புள்ளியில் வந்து சேரும் நிலைக்கு மிக அருகில். அந்த நிலையில் ஒளி ஆடிகளின் மேல் அகலமாக விரிந்து, நடுவில் சில மைக்ரோமீட்டராக ஒடுங்குகிறது. அணு அந்த ஒடுக்கத்தில் நிற்கிறது. குழி நீளமானதால் பக்கவாட்டில் இடம் தாராளம். அணுவைக் குளிர்விக்கும் லேசர்களை எளிதாக உள்ளே விடலாம். ஆடியின் மெருகும் கலிஃபோர்னியக் குழியளவு உயர வேண்டியதில்லை.

2014இல் குழியையும், 2017இல் அதற்குள் ஒற்றை அணுக்களையும் பற்றி அவர்கள் எழுதினார்கள். ஒளி வெளியேறுவதற்கு முன் அங்கே சுமார் 22 தடவை மட்டுமே போய் வருகிறது. முன்பு சொன்ன 70,000த்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனாலும் பிணைப்பு வலிமை 5 மெகாஹெர்ட்ஸ் வந்தது. அணுவின் இயல்பான இழப்பு வேகத்தை விட இது 1.7 மடங்கு. ஒரு சென்டிமீட்டருக்கும் நீளமான, சாதாரண மெருகு ஆடிகளால் ஆன குழியில் இந்த எண் வந்தது என்பதே சாதனை.

வலுப்பிணைப்பு அங்கே எட்டப்பட்டுவிட்டதா என்றால், இல்லை. ஆடி வழியே கசியும் வேகம் அந்தக் குழியில் சுமார் 50 மெகாஹெர்ட்ஸ்; பிணைப்பைப்போல் பத்து மடங்கு. ஃபோட்டான் ஏறக்குறைய 1.6 நானோநொடியில் வெளியேறிவிடும். அணு அதைத் திரும்ப வாங்க நேரம் போதாது. மூன்று வேகங்களில் ஒன்றை வென்றாயிற்று, இன்னொன்று பாக்கி. ஆடியின் மெருகைச் சில பத்து மடங்கு உயர்த்தினால் அதுவும் எட்டும் என்பதால்தான் இந்த வடிவம் நம்பிக்கை தருகிறது.

இதன் உண்மையான கடினம் நிலைப்பில் இருக்கிறது. ஆடிகளின் இடைவெளி, வளைவு மையங்கள் ஒன்றுசேரும் அந்த எல்லையைத் தாண்டி இம்மியளவு கூடினாலும் ஒளி அடைபட்டு நிற்காது, ஓரங்களில் சிதறிவிடும். குறைந்தாலோ நடு ஒடுக்கம் அகன்று பிணைப்பு தளரும். அதோடு, ஒளி ஒத்ததிர வேண்டுமானால் இடைவெளியில் அரை அலைநீளங்கள் முழு எண்ணிக்கையில் அடங்க வேண்டும். 780 நானோமீட்டர் ஒளிக்கு அரை அலைநீளம் 390 நானோமீட்டர். ஆகவே எல்லைக்கு முந்திய கடைசி ஒத்ததிர்வு, எல்லையிலிருந்து 390 நானோமீட்டருக்குள் எங்கோ இருந்தாக வேண்டும். 2018இல் அந்தக் கடைசிப் படியிலேயே குழியை இயக்கிக் காட்டினார்கள்: எல்லைக்கு 207 நானோமீட்டர் முன்பாக, நடு ஒடுக்கம் 2.4 மைக்ரோமீட்டராக. 11 மில்லிமீட்டர் நீளத்தில் 207 நானோமீட்டர் என்பது ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. அறையின் வெப்பம் சிறிது ஏறினாலே உலோகம் அவ்வளவு நீளும். ஆடியை முன்பின்னாக மட்டும் பிடித்தால் போதாது. பக்கவாட்டிலும் அதே நுட்பத்தோடு பிடிக்க வேண்டும். கோட்பாட்டுக் கட்டுரைகளைப் படிப்பவர்கள் எளிதில் தவறவிடும் உழைப்பு இது. மேசை, அதிர்வு, வெப்பம், பசை என்று ஆண்டுக்கணக்கில் போராடித்தான் அந்த மூன்று இலக்க எண் வந்திருக்கிறது.

இத்தனை பாடும் எதற்காக? அணு நினைவை வைத்திருக்கும். ஃபோட்டான் அதைத் தூரத்துக்குக் கொண்டு போகும். இரண்டையும் நம்பத்தகுந்த வகையில் இணைக்கும் இடம் ஒளிக்குழிதான். 2002இல் ஜெர்மனியின் கார்கிங்கில் ரெம்பே குழு, குழிக்குள் அணுவைத் தூண்டி, கேட்டபோது ஒரு ஃபோட்டான் தரும் மூலத்தைச் செய்தது. அதே குழு 2012இல் இரண்டு தனி ஆய்வுக்கூடங்களில் ஒவ்வோர் அணுவைக் குழியில் வைத்து, 60 மீட்டர் ஒளியிழையால் இணைத்து, ஓர் அணுவின் குவாண்டம் நிலையை மற்றதற்கு மாற்றியது. 2013இல் பறந்து போகும் ஒளி ஃபோட்டானை அழிக்காமலே அது வந்து போனதை உணர்ந்தது. இந்தியாவில் பெங்களூரு ராமன் ஆய்வுக் கழகத்தில் ரங்வாலா குழு, ஒளிக்குழிக்கு நடுவிலேயே அயனிப் பொறியையும் குளிர்ந்த அணுக்களையும் ஒன்றாக வைக்கும் கருவியைக் கட்டியிருக்கிறது. சிங்கப்பூர் அரசு 2024இல் தேசியக் குவாண்டம் திட்டத்தை அறிவித்து, ஐந்தாண்டுகளுக்கு ஏறக்குறைய 30 கோடி சிங்கப்பூர் வெள்ளி ஒதுக்கியது.

கென்ட் ரிட்ஜிலிருந்து சில கிலோமீட்டரில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்கா இருக்கிறது. 1877இல் இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து வந்த பால்மரக் கன்றுகள் அங்கே நடப்பட்டன. மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் சீவல் முறையை அங்கே இயக்குநராக இருந்த ரிட்லி ஆராய்ந்து பரப்பினார். மலாயாத் தோட்டங்களும், அவற்றை நம்பி வந்த ரெம்பாவ்த் தமிழர் வாழ்வும் அந்தப் பூங்காவின் ஆய்விலிருந்து விளைந்தவை. அந்த முறை ஆய்வின் பயன் தோட்ட முதலாளிக்கும் உழைப்பு தோட்டத் தொழிலாளிக்கும் போய்ச் சேர்ந்தது. இந்த முறை ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே நுழையத் தடை எதுவும் இல்லை. படிவம் ஆறில் இயற்பியலும் கணிதமும் எடுத்த பிள்ளைகளுக்கு ஜேன்ஸ் கம்மிங்ஸ் மாதிரி இரண்டு மூன்று ஆண்டு உழைப்பில் எட்டக்கூடியதே. ரெம்பாவிலும் சுற்றிலும் உள்ள ஆசிரியர்களும் பெற்றோரும் இதை அவர்களிடம் சொல்ல வேண்டும். கென்ட் ரிட்ஜ் குழு தன் குழியைப் பற்றி 2014இல் எழுதிய கட்டுரை வெளியான நியூ ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ் இதழை எவரும் கட்டணமின்றி இணையத்தில் படிக்கலாம்.